பல்லவபுரத்து மலையடிவாரம்

நேயர்களே, மலையடிவாரத்துச் சிற்றூர் என்று சொன்ன மாத்திரத்தில் நம் மனம் இமயத்தை நாடி ஓடிவிடுகிறது. கங்கை சமவெளியில் இறங்கும் அரித்துவாரம் நினைவுக்கு வருகிறது. அதற்கு மேலே ரிஷிகேசம் தோன்றுகிறது. கலையில் ஈடுபாடுடையோர்க்கு, பதினெட்டாம் நூற்றாண்டில் நைன்சுக் என்னும் ஓவியனை உலகுக்கு அளித்த குலேர் நகரமும் நினைவில் எழக்கூடும். அவ்வூர்களைக் காண வேண்டாமென்று நான் சொல்லவில்லை. ஆனால் அங்கே செல்ல இரண்டு நாள் இரயிலில் இருக்க வேண்டும். தாம்பரத்தில் மின்சார இரயில் ஏறினால் மூன்றாவது நிறுத்தத்தில் இறங்கி, நடந்தே சென்று காணத்தக்க மலையடிவாரத்து ஊரொன்று நமக்கு உண்டு. அதுதான் பல்லாவரம்.

1931-ஆம் ஆண்டு இந்தத் தடத்தில் மின்சார இரயில் ஓடத் தொடங்கியது. அன்று முதல் நாள்தோறும் எத்தனையோ ஆயிரவர் இவ்வூரைக் கடந்து செல்கின்றனர். ஒருபுறம் விமான நிலையம், மறுபுறம் கடைத்தெரு, இடையே பெருஞ்சாலை என்ற அளவில் அவர்கள் கண்டது முடிந்துவிடுகிறது. 2021-இல் தாம்பரம் மாநகராட்சி அமைக்கப்பட்டபோது பல்லாவரம் நகராட்சியும் அதில் அடங்கிற்று. இன்று அது பெருநகரத்தின் ஒரு பகுதி. எனினும் பெயரை நிறுத்திச் சொல்லிப் பார்த்தால் ஊரின் பழமை விளங்கும். பல்லவபுரம் என்பதே பல்லாவரம் ஆயிற்று.

முதலில் மலையைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். இம்மலை உயரத்தால் பெருமை பெற்றதன்று. இமயத்தின் பக்கத்தில் வைத்தால் இதனைக் கல் என்பார்களேயன்றி மலை என்னார். ஆனால் வயதில் இமயம் இதற்குக் கொள்ளுப் பேரன். இமயம் எழத் தொடங்கி ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளே ஆகின்றன. பல்லாவரம், பரங்கிமலை, திரிசூலம் ஆகியவற்றின் பாறையோ ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது. நிலவுட்புறத்தின் பெருவெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவாகிய நீலச்சாயல் கொண்ட கருங்கல் இது. இக்கல்லின் பெயர் வந்த வரலாறு சுவையானது. 1690-இல் கல்கத்தாவில் வணிகக் குடியிருப்பை அமைத்த ஜாப் சார்னாக் என்னும் ஆங்கிலேயர் அங்கேயே இறந்து அடக்கம் செய்யப்பட்டார். அவர் கல்லறையின் மேலிட்ட பலகைக்கல், சென்னைப் பக்கத்து மலைக்கல்லை ஒத்திருப்பதை இருநூறு ஆண்டுகளுக்குப் பின் தாமஸ் ஹாலந்து என்ற நிலவியலார் கண்டார். 1893-இல் இப்பாறை வகைக்குச் சார்னாக்கைட்டு என்று பெயரிட்டார். இன்று உலகில் எந்த நாட்டில் இவ்வகைப் பாறை கிடைத்தாலும் அதற்கு இதுவே பெயர். பரங்கிமலையில் உள்ள பாறையை இந்திய நிலவியல் ஆய்வுத்துறை 1975-இல் தேசிய நிலவியல் சின்னமாக அறிவித்துள்ளது.

இனி மனிதனிடம் வருவோம். 1863-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் நாள், இராபர்ட் புரூஸ் பூட் என்னும் இருபத்தெட்டு வயது நிலவியலார், பல்லாவரத்தில் பட்டாளத்தார் அணிவகுத்துப் பயிலும் திடலில், செம்புரைச் சரளை வெட்டி எடுத்த பள்ளமொன்றைப் பார்வையிட்டுக்கொண்டிருந்தார். வெயிலின் கடுமையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அது அக்கினி நட்சத்திரத்தையொட்டிய காலம். அந்தச் சரளையில் ஒரு கல் அவர் கண்ணில் பட்டது. இயற்கையாக உடைந்த கல்லாக அது இல்லை. இருபுறமும் செதுக்கி, கையில் பிடிக்க வாகாகவும் முனை கூராகவும் செய்யப்பட்டிருந்தது. அது பழைய கற்கால மனிதனின் கைக்கோடரி.

மாணவர்களே, இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். அதற்கு நான்காண்டுகளுக்கு முன்னர்தான், பிரான்சு நாட்டு ஆற்றுச் சரளைகளில் கிடைத்த கற்கருவிகள் உண்மையிலேயே தொல்பழங்கால மனிதன் செய்தவை என்று ஐரோப்பிய அறிஞர்கள் ஒப்புக்கொண்டிருந்தனர். டார்வினின் நூல் வெளிவந்ததும் அதே 1859-இல்தான். பூட் அச்செய்திகளைப் படித்திருந்தார். படித்ததை மனத்தில் வைத்துக்கொண்டு கண்ணைத் திறந்து நடந்தார். இல்லையேல் அந்தக் கல்லும் சாலைக்குக் கொட்டும் சரளையோடு போயிருக்கும். நம் நாட்டில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு முதற்சான்று இவ்வாறு பல்லாவரத்தில் கிடைத்தது. அதே ஆண்டு செப்டம்பர் மாதத்தில் அவரும் வில்லியம் கிங் என்பவரும் அதிரம்பாக்கத்தில் இத்தகைய கருவிகளை மிகுதியாகக் கண்டனர். அதிரம்பாக்கத்துக் கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் பழமையானவை என்று 2011-இல் சாந்தி பப்பு முதலிய ஆய்வாளர்கள் வெளியிட்டனர். பின்னர் 1880-களில் அலெக்சாண்டர் ரீ என்பவர் பல்லாவரத்துக் குன்றுப்பக்கத்தில் அகழ்ந்து, பெருங்கற்கால மக்கள் இறந்தோரை இட்டு அடக்கம் செய்த சுடுமண் ஈமப்பேழைகளை வெளிப்படுத்தினார். குட்டையான கால்கள் பல வைத்த நீண்ட தொட்டியைப் போன்றது அப்பேழை. இறந்தவரை அவ்வளவு அக்கறையோடு மண்ணில் வைத்த மக்கள், மரணத்துக்குப் பின் உள்ளதைப் பற்றி ஏதோ ஓர் எண்ணம் கொண்டிருக்க வேண்டும். இவ்வூரின் சமய வரலாற்றை நான் அங்கிருந்தே தொடங்குவேன்.

அடுத்து நாம் காண்பது மகேந்திரவர்மனின் குடைவரை. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காஞ்சியிலிருந்து ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன் இவ்வூர்க் குன்றின் பாறையைக் குடைந்து ஒரு கோயில் சமைத்தான். பின்புறச் சுவரில் ஐந்து அறைகள் வரிசையாக அமைந்திருத்தலின் மக்கள் அக்குன்றைப் பஞ்சபாண்டவர் மலை என்றனர். தமிழ்நாட்டில் ஐந்து எதுவாக இருந்தாலும் பாண்டவர்க்கு உரிமையாக்கிவிடுவது நம் மக்களின் இயல்பு; மாமல்லபுரத்திலும் அப்படியே செய்தனர்.

நான் மாணவர்களை அங்கே அழைத்துச் சென்றபோதெல்லாம் அவர்கள் முகத்தில் முதலில் ஏமாற்றமே தோன்றும். “சிலைகள் எங்கே, ஐயா?” என்பர். உண்மைதான். மாமல்லபுரத்தைக் கண்ட கண்களுக்கு இது எளிய மண்டபமாகவே தோன்றும். கீழும் மேலும் சதுரமாகவும் நடுவில் எண்பட்டையாகவும் உள்ள பருத்த தூண்கள், அவற்றின் மேல் உத்தரம், உள்ளே அறைகள், அவ்வளவுதான். ஆனால் அந்த எளிமைக்குள் ஒரு துணிவு இருக்கிறது. அதுவரை தமிழகத்துக் கோயில்கள் பெரும்பாலும் செங்கல்லாலும் மரத்தாலும் சுதையாலும் எழுந்தவை. ஆகவே அழிந்தும் போயின. செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய இவை எவையுமின்றி மும்மூர்த்திகளுக்கும் கோயில் அமைத்தேன் என்று மண்டகப்பட்டுக் கல்வெட்டில் மகேந்திரன் பெருமையுடன் கூறிக்கொள்கிறான். சாளுக்கியர் பாதாமியில் குடைந்தது மணற்கல். நம் சிற்பிகளுக்கு வாய்த்ததோ உளியை மழுக்கும் கல். எப்படிக் குடைந்தார்கள் என்பதை மாமல்லபுரத்தில் முற்றுப்பெறாமல் நிற்கும் குடைவரைகள் காட்டுகின்றன. பாறை முகத்தைச் சமமாக்கி, சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, கட்டங்களைச் சுற்றிப் பள்ளமிட்டு, நடுவில் எஞ்சி நிற்பதை உடைத்தெடுத்து, மீண்டும் அவ்வாறே உள்நோக்கிச் சென்றிருக்கிறார்கள். ஒரு தூண் வேண்டுமானால் அதனைக் கொண்டுவந்து நிறுத்த முடியாது. சுற்றியுள்ள பாறையை அகற்றி அதனை விட்டுவைக்க வேண்டும். ஓரிடத்தில் உளி தவறினால் ஒட்டுப்போட வழியில்லை. அத்தூணருகே நின்று கையால் தடவிப் பார்க்குமாறு நான் சொல்வது வழக்கம். அதன்பின் சிலைகளைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை.

தூண்களுக்கு மேலுள்ள உத்தரத்தில் மகேந்திரனுடைய விருதுப் பெயர்கள் பல்லவக் கிரந்த எழுத்தில் வரிசையாக வெட்டப்பட்டுள்ளன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்வெட்டுத் துறையினர் அவற்றைப் படித்த பிறகே இக்கோயிலைக் குடைந்தவன் யார் என்று உலகம் அறிந்தது. பல ஊர்களில் அவன் பொறித்துச் சென்ற விருதுகளில் வடமொழியும் தெலுங்கும் தமிழும் விரவி வருகின்றன. விசித்திரசித்தன், குணபரன், மத்தவிலாசன், சித்திரகாரப்புலி என அவை நீளும். தன்னைத் தானே இத்தனை பெயரிட்டு அழைத்துக்கொண்ட அரசனைக் கண்டு நமக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் தற்பெருமை மிகுந்த இந்த மன்னனேதான் மத்தவிலாசப் பிரகசனம் என்னும் நகைச்சுவை நாடகத்தை எழுதித் தன் தலைநகரான காஞ்சியில் திரிந்த காபாலிகனையும் பாசுபதனையும் பௌத்தத் துறவியையும் ஒருங்கே எள்ளி நகையாடினான். இந்த முரண்பாடே அவனை நமக்கு நெருக்கமாக்குகிறது.

இந்தக் குடைவரை இன்று இசுலாமியப் பெருமக்களின் தர்கா. பாறைச் சுவர்களின் மீது சுண்ணமும் வண்ணமும் ஏறியிருக்கின்றன. வரலாற்று ஆர்வலர் சிலர் இதனைக் கண்டு முகம் சுளிப்பதுண்டு. நான் அவர்களுடன் உடன்படுவதில்லை. கல்வெட்டின் மீது வண்ணம் படியக் கூடாது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஒவ்வொரு பூச்சும் எழுத்தின் கூர்மையைச் சிறிது விழுங்கும். எழுத்தாய்வாளர் அங்கே வழிபடுவோரோடு அமர்ந்து பேசி அதற்கு வழி காண்பது நலம். ஆனால் மற்றொன்றையும் நினைக்க வேண்டும். கேட்பாரின்றிக் கிடந்த குன்றுகளுக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பல்லாவரத்திலேயே பார்க்கலாம். இப்பக்கத்துச் சார்னாக்கைட்டு நல்ல சல்லி தரும் கல். சாலைக்கும் வீட்டுக்குமாக வெடிவைத்து வெட்டியதில் திரிசூலத்திலும் பம்மலிலும் குன்றுகளின் பக்கங்கள் சரிந்து போயின. கைவிடப்பட்ட குவாரிகள் நீர் நிறைந்த மடுக்களாக நிற்கின்றன. குடைவரை இருந்த பாறையை எவரும் வெடி வைக்கவில்லை. அங்கே நாள்தோறும் விளக்கேற்றத் தொழுவோர் வந்துகொண்டிருந்தனர். இறைவனை அழைக்கும் பெயர் மாறிற்று. இடம் தொழுமிடமாகவே நின்றது. அதனால்தான் இன்று நாம் அத்தூண்களைக் காண முடிகிறது. அங்கே செல்லும் மாணவர் காலணியை வெளியே கழற்றிவிட்டு, தொழுவோர்க்கு இடையூறின்றிப் பார்த்து வர வேண்டும்.

திரிசூலத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். விமான நிலையத்துக்கு எதிரே, குன்றுகளுக்கு நடுவில் அமைந்த சோழர் காலச் சிவன் கோயில் அது. கல்வெட்டுகள் அவ்விடத்தைத் திருச்சுரம் என்று குறிக்கின்றன. சுரமே பிற்காலத்தில் சூலமாயிற்று. கருவறையின் பின்புறம் படுத்திருக்கும் யானையின் முதுகுபோல் வளைந்திருக்கும். இவ்வமைப்பைத் தூங்கானை மாடம் என்பர். வானூர்தியின் முழக்கம் ஓயும் இடைவெளிகளில் அங்கே கிளிகளின் ஒலியைக் கேட்கலாம்.

திருநீர்மலையை அவ்வளவு விரைவாகக் கடக்க இயலாது. பூதத்தாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய வைணவத் திருப்பதி அது. ஒரே தலத்தில் திருமால் நான்கு நிலைகளில் காட்சியளிக்கிறார். அடிவாரக் கோயிலில் நீர்வண்ணராக நிற்கிறார். மலைமேல் நரசிங்கராக அமர்ந்தும், அரங்கநாதராகக் கிடந்தும், உலகளந்தவராக அடியெடுத்து நடந்தும் அருள்கிறார். திருமங்கையாழ்வார் வந்தபோது மலையைச் சுற்றிலும் நீர் சூழ்ந்திருந்ததாகவும், அது வடியும்வரை ஆறு மாதம் அவர் காத்திருந்ததாகவும் தலவரலாறு கூறுகிறது. ஆறு மாதமா என்று கேட்கத் தோன்றும். ஆனால் மழைக்காலத்தில் மலைமேல் நின்று நாற்புறமும் பார்த்தவர்கள் அக்கதையை முற்றும் தள்ளமாட்டார்கள். ஏரிகளும் அடையாறும் சூழ்ந்த தாழ்நிலம் அது. நீரின் வழியிலே வீடுகள் எழுந்துவிட்ட இக்காலத்தில், 2015-ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தின்போது அடையாற்றங்கரை ஊர்கள் பட்ட துன்பத்தை நாம் மறக்கவில்லை. நீர்மலை என்று பெயரிட்ட முன்னோர் அந்நிலத்தின் இயல்பை அறிந்தே பெயரிட்டிருக்கின்றனர்.

பல்லாவரத்திலிருந்து மேற்கே பம்மலையும் அனகாபுத்தூரையும் கடந்து செல்லும் சாலை குன்றத்தூரை அடைகிறது. அனகாபுத்தூர் நெசவாளர் ஊர். இங்கே நெய்த வண்ணக் கட்டத்துணிகள் மெட்ராஸ் கைக்குட்டை என்ற பெயரில் கப்பலேறி ஆப்பிரிக்காவின் நைசீரியா வரை சென்றன. அத்தொழில் நலிந்த பின்னர் வாழைநாரைப் பருத்தியுடன் சேர்த்துப் புடைவை நெய்யும் புதுமையை அவ்வூரார் கையாண்டனர். குன்றத்தூரோ குன்றின்மேல் முருகன் கோயில் கொண்ட ஊர். அதற்கும் மேலாக அது சேக்கிழார் பிறந்த ஊர். இரண்டாம் குலோத்துங்க சோழனிடம் அமைச்சராக இருந்த அப்பெரியார் பன்னிரண்டாம் நூற்றாண்டில் பெரியபுராணத்தை இயற்றினார். தாம் வழிபட்ட சோழநாட்டுத் திருநாகேச்சரத்தின் நினைவாகத் தம் ஊரிலும் ஒரு நாகேச்சரம் எழுப்பினார்.

மகேந்திரனின் குடைவரைக்கும் சேக்கிழாரின் ஊருக்கும் இடையே சில கல் தொலைவே உண்டு. காலத்தில் இடைவெளி ஐந்நூறு ஆண்டு. எனினும் இவ்விருவரையும் ஒரு நூலிழை இணைக்கிறது. சமண சமயம் சார்ந்த பல்லவ மன்னன் ஒருவன் திருநாவுக்கரசரை நீற்றறையில் இட்டதையும், கல்லில் கட்டிக் கடலில் எறிந்ததையும், பின்னர் அவனே சைவனாகித் திருவதிகையில் குணபரவீச்சரம் என்னும் கோயில் எடுத்ததையும் சேக்கிழார் பாடுகிறார். அவர் அம்மன்னனின் இயற்பெயரைச் சொல்லவில்லை. குணபரன் என்னும் விருதுடையவன் மகேந்திரன் என்பதும், அவன் வேற்று நெறியிலிருந்து திரும்பி இலிங்கத்தை வழிபட்டான் என்பதும் திருச்சிராப்பள்ளிக் குடைவரைக் கல்வெட்டால் தெரியவந்தன. கல்லில் இருந்த பெயரும் காப்பியத்தில் இருந்த கோயிற்பெயரும் பொருந்தியபோது, நாவுக்கரசர் ஏழாம் நூற்றாண்டினர் என்று வரலாற்றாசிரியர் உறுதி கொண்டனர். தேவாரக் காலத்தைக் கணிக்க இதுவே அச்சாணி. கவிஞர் கேள்வி வழியாகப் பெற்ற செய்தியை உளியின் எழுத்து பல நூற்றாண்டு கழித்து உறுதி செய்தது. வரலாறு கற்க விரும்பும் கல்லூரி மாணவர்க்கு இதனினும் நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

பல்லாவரத்துக்கே மீள்வோம். 1911-ஆம் ஆண்டு வேதாசலம் என்னும் தமிழ்ப் பேராசிரியர் ஒருவர் இவ்வூரில் வந்து குடியேறினார். அக்காலத்தில் பாரிமுனைப் பக்கத்தில் இருந்த கிறித்தவக் கல்லூரியில் 1898 முதல் தமிழ் கற்பித்தவர். பட்டப்படிப்பில் தமிழ் கட்டாயப் பாடமாக இல்லாது போனபோது அவர் பணி முடிந்தது. துறவு பூண்டு, சமரச சன்மார்க்க நிலையத்தைப் பல்லாவரத்தில் நிறுவினார். அந்தக் கல்லூரி 1937-இல் தாம்பரத்துக்குப் பெயர்ந்து வந்து அடிகளுக்கு அண்டை அயலாயிற்று என்பதை நினைத்தால் வியப்பாக இருக்கும்.

1916-இல் ஒருநாள் தம் மகள் நீலாம்பிகையுடன் அவர் இராமலிங்க அடிகளின் பாடலொன்றை நினைந்து பேசிக்கொண்டிருந்தார். அதில் வரும் தேகம் என்னும் சொல்லின் இடத்தில் யாக்கை என்று இருந்திருந்தால் ஓசை எவ்வளவு இனிதாக இருக்கும் என்றார். அப்படியாயின் நாமே தனித்தமிழில் பேசலாகாதா என்று அச்சிறுமி கேட்டாள். அன்று முதல் வேதாசலம் மறைமலையடிகளானார்; ஞானசாகரம் என்ற அவர் இதழ் அறிவுக்கடல் ஆயிற்று; சமரச சன்மார்க்க நிலையம் பொதுநிலைக் கழகம் ஆயிற்று. இன்று நாம் தயக்கமின்றி வழங்கும் எத்தனையோ தமிழ்ச் சொற்கள் அந்த உரையாடலின் வழித்தோன்றல்கள். வடமொழி விருதுகளைப் பாறையில் பொறித்த மன்னனின் ஊரிலேயே தனித்தமிழ் தோன்றியது காலத்தின் விளையாட்டு எனலாம். ஆயினும் அடிகள் வடமொழியை அறியாது வெறுத்தவர் அல்லர். காளிதாசனின் சாகுந்தலத்தைத் தமிழில் தந்தவர் அவரே. ஒரு மொழியைக் கற்றுத் தேர்ந்தபின் தம் மொழிக்கு அது வேண்டா என்றவரின் சொல்லுக்கு, கல்லாமலே வேண்டா என்பவரின் சொல்லுக்கு இல்லாத எடை உண்டு.

1950-இல் அடிகள் மறைந்தார். அவர் வாழ்நாளெல்லாம் தேடித் தொகுத்த நூல்களைக் கொண்டு 1958-இல் சென்னை இலிங்கிச் செட்டித் தெருவில் மறைமலையடிகள் நூல்நிலையம் திறக்கப்பெற்றது. பின்னர் அது கன்னிமாரா நூலகக் கட்டடத்துக்கு மாற்றப்பட்டது. அவர் வாழ்ந்த பல்லாவரத்து இல்லம் நினைவில்லமாக உள்ளது.

மாணவர்கள் இவற்றைக் காண ஒரே நாளில் முயல வேண்டாம். காலையில் குடைவரையையும் அடிகளின் இல்லத்தையும் பார்த்துவிட்டுத் திருநீர்மலை ஏறினால் ஒரு நாளுக்கு அது போதும். குன்றத்தூருக்கு மற்றொரு நாள். பூட் தொகுத்த கற்கருவிகளை 1904-இல் அரசு விலைக்கு வாங்கி எழும்பூர் அருங்காட்சியகத்தில் வைத்தது. அங்கே செல்லப் பல்லாவரத்திலிருந்து அதே மின்சார இரயில் உண்டு. வெள்ளிக்கிழமை மட்டும் புறப்பட வேண்டாம். அன்று அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. பல்லாவரத்திலோ அன்று சந்தை கூடும். பழைய நாற்காலியிலிருந்து பூச்செடி வரை அங்கே விலைக்கு வரும். பழைய புத்தகங்களும் கிடைக்கும்.